மண்புழுவின் நரம்பு

வாசற்படியில் கமர் ஜஹான் நின்றிருந்தாள். புர்காவின் முகத்திரையை மேலே தள்ளிவிட்டிருந்தாள். கண்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

கதவைத் திறந்த ரகுபதி ஓரடி பின்வாங்கினான்.

இண்டர்மீடியட்டில் இரண்டு வருஷம் ஒரே வகுப்பு. ஒரு வார்த்தை பேசியதில்லை. பரீட்சை எண்ணில் அவளுக்கு அடுத்தவன் அவன் என்பதால், செய்முறைப் பரீட்சையன்று மட்டும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அது மார்ச்சில். நேற்றுத்தான் ரிசல்ட் வந்தது. அவளுக்கு முதல் வகுப்பு, மெடிக்கல் காலேஜ் நிச்சயம். அவன் செய்முறையில் ஃபெயிலாகிவிட்டான்.

தெருவில் ரிக்‌ஷா நின்றது. அதில் அவளுடைய அத்தா, தையற்கடை இனாயத் சாயபு, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“யாருடா அது? உள்ளே வரச் சொல்லேன்” என்றபடி அம்மா வந்தாள்.

கமர் ஜஹான் உள்ளே வரவில்லை. “நீங்க ஃபெயிலானதுக்கு நான்தான் காரணம்” என்றாள்.

செய்முறைப் பரீட்சையன்று கொடுத்தது மண்புழு. நரம்பு மண்டலத்தை எடுத்துக் காட்ட வேண்டும். முதுகில் கருப்பாக ஓடும் கோடு ரத்தக் குழாய். நரம்பு அடியில், வயிற்றுப் பக்கம். மெழுகுத் தட்டில், தண்ணீருக்குள், புழுவைக் கீறி விரித்துக் குண்டூசி குத்திக் குடலை விலக்கினால் வெள்ளையாக ஓர் இழை தெரியும். கத்தரியின் நுனி பட்டால் தீர்ந்தது.

அதற்காக அவள் வீட்டில் மூன்று மாதம் பழகியிருந்தாள். அத்தா விடிகாலையில் கிணற்றடி மண்ணைத் தோண்டிப் புழு எடுத்து வருவார். தொட்டியில் ஈரமண்ணும் சருகும் போட்டு, மேலே நனைந்த சாக்கை மூடி வைப்பார். அதற்கு மூச்சு தோல் வழியாகத்தான், தோல் காய்ந்தால் செத்துப்போகும் என்று மகள் சொன்னதிலிருந்து, தையலை விட்டுவிட்டு எழுந்துபோய் நாளைக்கு நாலு தடவை தண்ணீர் தெளித்தாராம்.

“நாப்பது புழு அறுத்திருக்கேன். ஒண்ணுலகூட நரம்பு அறுந்ததில்ல. அன்னிக்கு எப்பக் கத்தரி பட்டுச்சுன்னே தெரியல. தட்டுத் தண்ணி கலங்கலா இருந்துச்சு. மாத்தி ஊத்திப் பார்த்தா, நடுவுல அறுந்து கெடக்குது.”

அந்த நேரம் பார்த்துப் பரீட்சகர் ரகுபதியைக் கேள்வி கேட்க ஜன்னலோரத்துக்குக் கூப்பிட்டார். அவனுடைய தட்டில் நரம்பு தலையிலிருந்து வால் வரை முழுசாக இருந்தது. எண் எழுதிய சீட்டு மேஜையில்தான் ஒட்டியிருந்தது, தட்டில் இல்லை. சாக்குக்குத் தண்ணீர் தெளிக்கும் அத்தாவின் கை அவளுக்கு நினைவில் வந்தது. இரண்டு தட்டையும் இடம் மாற்றி வைத்துவிட்டாள்.

“அதிலேர்ந்து தூக்கம் இல்ல. நேத்து ராத்திரி அத்தாகிட்ட சொல்லிட்டேன். ‘எழுந்திரு, அந்தப் புள்ளை வாசல்ல போய் நில்லு’ன்னார்.”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அழாதே குழந்தே. தப்புப் பண்ணிட்டு இப்படி வந்து சொல்றதுக்கு எத்தனை பேருக்கு மனசு வரும்?”

ரகுபதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“இங்கேர்ந்து நேரா லஸ்ஸுக்கு, பிரின்ஸ்பால் வீட்டுக்குப் போறோம். எழுதியே கொண்டாந்துட்டேன். என் பேரை அடிச்சிட்டு உங்களுக்குப் பாஸ் போடச் சொல்லப் போறேன்.”

“வேண்டாம்” என்றான். “போகாதீங்க. நான் செப்டம்பர்ல எழுதிக்கறேன். இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோயிலில் நிற்பவர்களின் முகத்தில்தான் அப்படி ஒரு பார்வையை அவன் கண்டிருக்கிறான். சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

“இப்பிடி ஒரு மனசு இருக்கறவருக்கா நான்...” அவள் முகத்திரையை இறக்கினாள். “இப்பத்தான் கண்டிப்பாப் போய்ச் சொல்லணும்.”

படியிறங்கிப் போய் ஏறிக்கொண்டாள். இனாயத் சாயபு அவனைப் பார்த்துக் கையை நெற்றிக்குக் கொண்டுபோனார்.

“இன்னா பாய், போலாமா?” என்று ரிக்‌ஷாக்காரன் ஏர்க்காலைத் தூக்கினான்.

பத்தடி போயிருக்கும். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

அன்று கலங்கிய தண்ணீரை மாற்ற அவள் குவளையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அரை நிமிஷம். ரகுபதி தன் கத்தரி பட்டு நரம்பு அறுந்துபோன தட்டை அவள் இடத்துக்குத் தள்ளிவிட்டு, அவளுடையதைத் தன் முன்னால் இழுத்து வைத்துக்கொண்டான்.

அவள் திருடியது தன் தட்டையேதான்.

ரிக்‌ஷா குளத்து மூலையில் லஸ் பக்கம் திரும்பியது.

“உன்னைப் பெத்த வயிறு குளுந்துடுத்துடா” என்று அம்மா அவன் தலையைத் தடவினாள். அவன் தலையைக் குனிந்து காட்டிக்கொண்டு நின்றான்.