சூலிங் கேட்ட ஸ்லைடு

கெஞ்சிக் கேட்டபோதெல்லாம் சாக்குச் சொன்னவர்கள், இன்று தாங்களாகவே கூப்பிட்டு ஸ்லைடைக் காட்டுகிறார்கள் என்றதும் சூலிங்குக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

போதாததற்கு, தெங் டாக்டர் தன் கையாலேயே டீ ஊற்றி நீட்டினார்.

"என்ன டாக்டர், இன்னிக்கு உபசாரம் பலமா இருக்கு?"

அவர் சிரித்தபடியே மேஜையைத் துடைத்தார். மேஜை சுத்தமாகத்தான் இருந்தது.

சீனாவின் வூவெய் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்ப்பவள் சூலிங். அடுத்தவர் வயிற்றிலிருந்து எடுத்த கட்டிகளை மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, ஓரத்தில் பென்சிலால் எண் போடுவாள். போன மாதம் அவள் வயிற்றிலேயே புற்றுக்கட்டி. வெட்டியெடுத்தாயிற்று. பிழைப்போமா என்பதுதான் தெரியவில்லை.

அந்த ஊரில் நோயாளியிடம் யார் உண்மையைச் சொல்கிறார்கள்? ரிப்போர்ட் வீட்டார் கைக்குத்தான் போகும். அப்படி எத்தனையோ ரிப்போர்ட்டை ரகசியமாகக் கொடுத்தவள்தான் அவளும். அதனால் "எல்லாம் நல்லாருக்கு" என்று கணவர் ஹான் சொன்னதை அவள் துளியும் நம்பவில்லை. என் ஸ்லைடை என் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"இதான்க்கா உங்களுது. நீங்களே பாருங்க" என்று டாக்டர் ஒரு ஸ்லைடை நீட்டினார்.

வாங்கினாள். கண்ணாடியின் ஓரத்தைப் பார்த்தாள். மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

அடேயப்பா! கட்டிக்குள்ளே பழுப்புப் புள்ளிகள், சர்க்கரையில் எறும்பு மொய்த்த மாதிரி. அத்தனையும் உடம்பின் காவல் செல்கள். வெளியே நின்று வேடிக்கை பார்க்காமல் கட்டிக்குள்ளேயே புகுந்து அடிப்பவை. இப்படி நிறைந்திருந்தால் ஆள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். காலியாகக் கிடந்தால் கஷ்டம்தான். எண்ணி எண்ணிப் பழகிய அந்தக் கூடத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

வாசலில் தினைக்கஞ்சி பிளாஸ்க்கோடு ஹான் நின்றிருந்தார். பாவம், மூச்சுக்கூட விடவில்லை.

அவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? உள்ளே ஒரு படையே நிக்குது! கஞ்சியை ஊத்துங்க, பசிக்குது."

ஹான் அழுதேவிட்டார். டாக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூலிங் ஸ்லைடைத் துடைத்து அட்டையில் வைத்தாள். ஓரத்தில் பென்சிலால் போட்ட எண்ணில் இரண்டு இடத்தில் ஏழு. இரண்டுக்கும் இடுப்பில் குறுக்குக் கோடு. அந்தக் கூடத்தில் ஏழுக்கு அப்படிக் கோடு போடுகிறவள் அவள் ஒருத்திதான்.

தன் கட்டியை எடுக்க ஆபரேஷனுக்குப் படுத்த நாளிலிருந்து அவள் பென்சிலைத் தொடவே இல்லை.