பத்தாவது தலை

“ஒரு தலையைக் காணோம்” என்றது முன்வரிசையில் இருந்த சிவப்புத் தொப்பி.

புத்தகக் கடையின் மாடியில் விரிப்பில் உட்கார்ந்திருந்த அத்தனை பிள்ளைகளும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். கதை வாசித்துக்கொண்டிருந்த பெண் ஓவியர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார்.

அவர் படம் போட்டு வெளிவரும் முதல் புத்தகம் அது. நாட்டுப்புறக் கதைகளில் வரும் பத்துத்தலைப் பூதத்துக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம். புத்தகக் கட்டு அன்று காலைதான் பைண்டிங்கிலிருந்து நேராகக் கடைக்கு வந்திருந்தது. கட்டைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்தவர், புரட்டிக்கூடப் பார்க்காமல் அப்படியே வாசிக்க உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகளுக்குப் படம் தெரிய வேண்டுமே என்று புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார். கதைதான் மனப்பாடமாயிற்றே. அவர் பக்கம் தெரிந்ததெல்லாம் அட்டையில் இருந்த ஒற்றைப் பெரிய மூக்கு மட்டும்தான்.

“சரியாப் பாரு கண்ணா. பத்து இருக்கும்.”

தொப்பி விரலை நீட்டி, உதட்டுக்குள்ளேயே இன்னொரு தடவை எண்ணியது. “ஒம்பதுதான். நான் நல்லா எண்ணுவேன். மாடிப்படிகூட எண்ணிட்டுத்தான் வந்தேன். அதுவும் ஒம்பது.”

அச்சகக்காரர் படித்துப் படித்துச் சொன்னது ஓவியருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. ‘பூதம் ரெண்டு பக்கத்துக்கும் பரவி நிக்குது. நடுவுல இருக்கிற தலையை மடிப்பு முழுங்கிடப் போகுது, பார்த்துக்குங்க.’ அவரும் கொஞ்சம் தள்ளித்தான் வரைந்து கொடுத்தார். போதவில்லை போலிருக்கிறது.

வேறு யார் முன்னால் மானம் போனாலும் பரவாயில்லை. பின்வரிசையில் பதிப்பாளர் அல்லவா உட்கார்ந்திருக்கிறார். பதினெட்டுப் படி ஏறிவந்த மூச்சிரைப்பே அவருக்கு இன்னும் அடங்கவில்லை. சிலந்திக்கு ஒரு கால் குறைகிறது என்று, அச்சடித்த புத்தகம் பூராவையும் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பிய மனிதர் அவர். அடுத்த புத்தகம் உண்டா இல்லையா என்பதை இன்றைக்கு வாசிப்பு முடிந்ததும் சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

புத்தகத்தைத் திருப்பி எண்ணிப் பார்த்தால் தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். மற்ற பிள்ளைகள் எண்ணத் தொடங்குவதற்குள் ஓவியர் சட்டென்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

“கண்டுபிடிச்சிட்டியா? அந்தப் பத்தாவது தலை இருக்கே, அது பொல்லாத தலை. மருந்துன்னு சொன்னாலே அதுக்கு ஆகாது. ஓடிப் போயிடுச்சு.”

“தலைக்குத்தான் காலே இல்லையே, எப்படி ஓடும்?” என்றது ஒரு கண்ணாடிக்காரப் பையனின் குரல்.

“உருண்டு.”

மாடியே சிரித்தது. நல்ல வேளையாக, அதற்கப்புறம் கதை முடியும் வரை பூதம் போர்வையை இழுத்து மூடிக்கொண்டுதான் படுத்திருந்தது. பானைக்குள்ளே இருக்குமோ, மேகத்துக்குப் பின்னால் இருக்குமோ என்று பிள்ளைகள் பக்கத்துக்குப் பக்கம் முட்டிமோதித் தலையைத் தேடினார்கள். வாயில் வந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்ட ஓவியருக்கே, இந்தத் தலை இவ்வளவு சேட்டை பண்ணுமென்று அதுவரை தெரியாது.

கதை முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. “அப்புறம் அந்தத் தலை என்னாச்சு?” என்று ஒரே கூச்சல்.

பதிப்பாளர் எழுந்து வந்தார்.

“ஏம்மா, இந்தத் தலை விஷயத்தை எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“சார், அது வந்து...” போனால் போகிறதென்று உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயெடுத்தார் ஓவியர்.

“எதுவும் சொல்லாதே. வேணும்னே ஒரு தலையைக் குறைச்சு வரைஞ்சு, பிள்ளைங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டிருக்கே. இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல குப்பை கொட்டறேன், எனக்கு இது தோணலை பாரு. அடுத்த புத்தகம் அந்த ஓடிப்போன தலையோட கதைதான். நீயே எழுது, நீயே வரை.”

தப்பு செய்ததற்கு ஒருவருக்கு இப்படியும் ஒரு பரிசு கிடைக்குமா என்று ஓவியருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

பதிப்பாளர் அதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். “ஆமாய்யா, ஸ்டிக்கர்தான். ‘உள்ளே ஒரு தலை குறைகிறது, எண்ணிப் பாருங்கள்’னு கொட்டை எழுத்துல அடிச்சு, எல்லா அட்டையிலயும் ஒட்டச் சொல்லு. ஒண்ணு விடக் கூடாது. இன்னிக்கே கடைகளுக்குப் போயாகணும்.”

கையெழுத்து வாங்க முதல் ஆளாகச் சிவப்புத் தொப்பி வந்து நின்றது. அந்தக் கணத்தில் உலகத்திலேயே ஓவியருக்கு மிகவும் பிடித்த பிள்ளை அதுதான். புத்தகத்தில் கையெழுத்தோடு ஒரு பூவும் வரைந்து கொடுத்தார்.

“உன்னாலதான்டா எனக்கு அடுத்த புத்தகமே கிடைச்சிருக்கு. பெரியவங்க யாரும் கவனிக்கலை, எனக்கே தெரியலை. ஒம்பதுதான்னு நீ மட்டும் எப்படிக் கண்டுபிடிச்சே?”

தொப்பி வெட்கத்தோடு சொன்னது.

“எங்க டீச்சர் ஒம்பது வரைக்கும்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. பத்து அடுத்த வாரம்.”