வெறும் தொட்டிகள்

"செடியே இல்லாத தொட்டிக்கு எதுக்கு டீச்சர் தண்ணி?"

கேட்டவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். மூன்றாம் மாடி டீச்சரின் பின்பக்க பால்கனிக் கம்பியில் ஏழு தொட்டிகள் தொங்கின. ஏழிலும் வெறும் மண்தான்.

"என் தொட்டி, என் தண்ணி. ஊத்துவேன்."

"கீழ் வீட்டுக்குச் சொட்டுதே! அந்தம்மா கால் ஒடிஞ்சு ஒரு மாசமா ஆஸ்பத்திரியில கிடக்காங்க. பழைய சண்டையை இப்பவா தீர்த்துக்கணும்?"

அந்தச் சண்டை கட்டடத்துக்கே தெரியும். மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் கீழ் வீட்டம்மா ஊரைக் கூட்டிவிடுவார்.

"தொட்டியை எடுங்க. இல்லேன்னா நோட்டீஸ் ஒட்டுவேன்."

"பிழையில்லாம எழுதி ஒட்டுங்க. படிச்சுட்டு வந்து ஊத்துறேன்."

மறுநாள் கீழ் வீட்டம்மா ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். "அந்த டீச்சர் பண்ணின அநியாயத்தை நீங்களே பாருங்க" என்று செயலாளர் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டார்.

கோடை வெயிலில் கட்டடத்துச் செடிகளெல்லாம் கருகிக் கிடந்தன. இந்தக் கம்பியில் மட்டும் ஏழு தொட்டியிலும் ரோஜா பூத்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே ஒரு வெறும் தொட்டி, அடி ஓட்டை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

செயலாளர் நோட்டீஸைச் சத்தமில்லாமல் மடித்துப் பைக்குள் வைத்தார்.

கீழ் வீட்டம்மா அண்ணாந்து பார்த்துக் கத்தினார். குரல் உடைந்திருந்தது. "யாரைக் கேட்டு என் செடிக்குத் தண்ணி ஊத்தினே?"

மேலிருந்து டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"கேட்டா விட்டிருப்பியா? செடி போச்சேன்னு நீ அழுதுக்கிட்டு உக்காந்துட்டா, நான் யார்கூடச் சண்டை போடுறது?"