குருவி பின்னிய காற்று

கிணற்றின்மேல் சாய்ந்திருந்த கருவேலமரத்தில் ஒரு தூக்கணாங்குருவியும் ஓர் அணிலும் குடியிருந்தன. ஐப்பசிக் காற்றில் குருவியின் கூடு அறுந்து கிணற்றில் விழுந்தது. உள்ளே இருந்த இரண்டு குஞ்சுகளும் போய்விட்டன. துணையும் மரத்தை விட்டே பறந்துபோனது.

மூன்று நாள் குருவி இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் ஒரு நெல்தாளைக் கிழித்து வந்து பின்னத் தொடங்கியது. தம்பி மறுபடி கூடு கட்டுகிறான் என்று அணிலுக்கு நிம்மதி. ஆனால் நாளாக ஆக அதற்குக் குழப்பம்தான் வந்தது. வாசலையே காணோம். தாளெல்லாம் ஒரே பக்கமாகச் சுழன்று சுழன்று கீழே நீண்டது.

"தம்பி, இதுல குஞ்சு எங்க தூங்கும்?"

"இது கூடு இல்லக்கா. அன்னிக்கு அடிச்ச காத்து. எனக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. வெளிய எடுத்துக் கட்டிட்டேன். இப்ப அதை நிமிர்ந்து பார்க்க முடியுது."

அணில் கிட்டப் போனது. எல்லா இழையும் ஆவேசமாக முறுக்கிக் கிடக்க, நடுவில் இரண்டே இரண்டு மட்டும் மெத்தென்று வளைந்திருந்தன. இத்தனூண்டு அலகா இதைச் செய்தது என்று மலைத்து நின்றது.

சாயங்காலம் அணில் ஒரு தேங்காய் நாரைக் கவ்வி வந்தது. "தம்பி, என் கடைசிக் குட்டி பாம்புக்குப் போச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல."

குருவி நாரை வாங்கிக்கொண்டது.

"அது எப்படி ஓடும்க்கா?"

அணில் கிளையில் ஓடிக் காட்டியது. பாதியில் நின்று, வாலைத் தூக்கி, கோணலாக ஒரு தாவு. அதைப் பார்த்துக்கொண்டே குருவி முதல் முடிச்சைப் போட்டது.