அளவெடுக்கக் கொஞ்சம் அமைதி

கூடத்தின் நடுவே மைக்கை நிறுத்திவிட்டு அவன் மடிக்கணினியின் முன் உட்கார்ந்தான். வீட்டு ஸ்பீக்கரில் பொருத்த வாங்கி வந்த, புனல் போன்ற இரண்டு ஹார்ன்களில் நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைச் சாயங்காலத்துக்குள் கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது?" என்றாள் மனைவி.

"காதுக்கு அப்படித்தான் இருக்கும். பின்னாடி இருந்து சத்தம் எழுப்புற கம்ப்ரஷன் டிரைவர் ஒரு சொடுக்குப் போட்டதும், நல்ல ஹார்ன் சட்டுனு வாயை மூடிக்கும். மட்டமானது உங்கண்ணன் மாதிரி, பேசி முடிச்சப்புறமும் முனகிட்டே இருக்கும். அந்த முனகலைத்தான் அளக்கணும். அதுக்கு வீடு நிசப்தமா இருக்கணும்."

அவள் ஃபேனை நிறுத்தினாள், ஃப்ரிட்ஜையும் நிறுத்தினாள். அப்படியும் திரையில் சத்தத்தின் அளவைக் காட்டும் கோட்டின் கடைசிப் பகுதி நடுங்கிக்கொண்டே இருந்தது. உள்ளறையிலிருந்து வந்த கர்கர் சத்தத்தில் ஹார்னின் முனகல் எது என்றே தெரியவில்லை.

"கதவைச் சாத்தேன்!"

"சாத்தித்தான் இருக்கு. பார்க்க வந்தவரே கையை விரிச்சுட்டாரு, நான் என்ன பண்ண?"

"மூணு நாளா இதே ரோதனை. எப்பத்தான் நிக்குமோ!"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஏழாவது முறையாக அளந்தான். கோடு செங்குத்தாக இறங்கி, அடியில் அசையாமல் படுத்துக்கொண்டது. இந்த ஹார்ன்தான், சந்தேகமே இல்லை.

"ஒருவழியா நின்னுடுச்சு! இங்க வந்து பாரேன்!"

"நீங்க இங்க வாங்க." உள்ளறை வாசலில் நின்றவளின் குரல் உடைந்தது. "உங்கப்பா மூச்சு விடலைங்க."