வயிற்றுச் சோதனை

பொதுச் சுகாதாரப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் என்றால் இப்போதெல்லாம் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஊருக்கு ஊட்டச்சத்து சொல்லித்தரப் போகிறவரின் பேச்சு சொந்த வீட்டில் எடுபட்டிருக்கிறதா என்று வாசலிலேயே ஓர் இயந்திரம் எல்லோர் வயிற்றையும் பார்த்துவிடும்.

தமயந்தி தாண்டியபோது பச்சை விளக்கு எரிந்தது. அவள் கணவர் சங்கரபாண்டியன் தாண்டியதும் சிவப்பு. முட்டை போண்டா, வாழைக்காய் பஜ்ஜி, மறுபடியும் போண்டா என்று அவர் வயிற்றின் ஒரு வார ரகசியத்தை இயந்திரம் இனிமையான குரலில் வாசித்தது.

"காலையில வாக்கிங் போறேன்னீங்க," என்றாள் தமயந்தி.

"கடைக்கு நடந்துதான் போனேன்."

உள்ளே போய் உட்கார்ந்ததும் தேர்வுக்குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். "உங்க ஆராய்ச்சியில குறையே இல்லம்மா. சார் மட்டும் ரேஷன் கார்டுல பேரை எடுத்துட்டு வேற வீட்டுல இருந்தாப் போதும். நாளைக்கே ஆர்டர் தந்துடலாம்."

வருஷக்கணக்காகத் தற்காலிக விரிவுரையாளராகவே காலம் தள்ளிய தமயந்திக்குக் கண் கலங்கியது. அவள் வாய் திறப்பதற்குள் சங்கரபாண்டியன் எழுந்துவிட்டார்.

"தாராளமா சார். நான் விருதுநகர்ல எங்க அக்கா வீட்டுல இருந்துக்கறேன்."

அக்கா வீட்டுக்கு எதிரே எண்ணெய் புரோட்டாக் கடை. கல்யாணத்தன்று கூட அவர் முகத்தில் இவ்வளவு வெளிச்சத்தைத் தமயந்தி பார்த்ததில்லை.

"வேலை வேண்டாம் சார்," என்றாள். "இவரைத் தனியா விட்டா ஒரு வருஷம் தாங்க மாட்டார். எனக்கு இவர் வேணும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் போன வேலைக்காக வருந்திக்கொண்டு வந்தவர் சங்கரபாண்டியன்தான்.