முடிச்சில்லாத இரை

சூசைமிக்கேலின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ஓடும் படகின் பின்னால் இழுத்துப்போகும் பொய்யிரைகளை நூலால் கட்டித் தந்தவள் அவன் மனைவி லில்லிபாய். கலங்கல் தண்ணீருக்கான சிவப்பில் ஒரு முடிச்சும், தெளிந்த தண்ணீருக்கான பச்சையில் இரண்டும் போட்டு வைப்பாள், அவன் விரலால் தடவித் தெரிந்துகொள்ள. அவளை அடக்கம் செய்தபின் முதல்முறையாகக் கடலுக்கு வந்தவன், பெட்டியின் அடியில் முடிச்சே போடாத ஒன்றைக் கண்டான். தூரத்துப் படகிலிருந்த வர்க்கீசை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, அதைக் கருவியின் முன்னால் தூக்கிப் பிடித்தான்.

“இது என்ன நெறம்டே?”

“அங்க இருக்கத நான் எங்கண்ணே பாக்க?”

அதையே மற்ற இரைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் கடலில் விட்டான். வெயில் சாய்வதற்குள் பெரிய சூரை மீன் ஒன்று அதில் மாட்டியது. படகில் ஏற்றியவன், மூடத் தெரியாத அதன் கண்ணுக்கு நேராகக் குனிந்தான்.

“நீ பாத்துத்தான கடிச்ச? சொல்லு.”